நவ்ஷாத் வந்தால் வரும் சிக்னல்

நவ்ஷாத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. மீசைக்கு மட்டும் முப்பத்தைந்து. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மை பூசி அதை அந்த வயதிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். வலது முழங்காலில் சவ்வு தேய்ந்திருக்கிறது. ஏணியில் இடது காலை முன்வைத்து ஏறுவார். இறங்கும்போது வலி தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். முழங்காலுக்கு உறை வாங்கிப் போடச் சொல்லி நான் நாலு தடவை சொல்லிவிட்டேன். "பார்த்துடலாம் சிஸ்டர்" என்பார். எதைக் கேட்டாலும் அவருடைய பதில் அதுதான். தெரியாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பாலக்கரைக்காரர். இருபத்திரண்டு வயதில் ஷார்ஜாவுக்குப் போய், ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் பதினொரு வருஷம் மொட்டைமாடி மொட்டைமாடியாக டிஷ் ஆண்டெனா பொருத்தினார். ஒருநாள் போனில் மகள் அல்ஷிஃபா "யார் பேசுறது?" என்று கேட்டாளாம். அந்த மாதமே பெட்டி கட்டிவிட்டார். இப்போது தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில், கிளினிக்குக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ஜூஸ் குடிக்கத்தான் போகவேண்டும். ஊர் முழுக்க டிவி பார்க்கிறது, அவர் வீட்டு டிவியில் மட்டும் ஒரு வருஷமாகக் குறுக்கே பச்சைக் கோடு ஓடுகிறது என்று அவர் மனைவி ஹாஜிரா சொல்வார். அதற்கும் பார்த்துடலாம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.

எனக்கு அவர் பழக்கமானது ஸ்ரீரங்கத்தில், மேற்கு உத்திர வீதியில் நான் வேலை பார்க்கும் வீட்டில். ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டோடு இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வீட்டு நோயாளி ரெங்கராஜ். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்தவர். எழுபத்தாறு வயது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் வீடு இன்னும் கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கும்.

அவர் மனைவி குமுதவல்லி. வீதியே மாமி என்று கூப்பிடும். விடியற்காலையில் குளித்துவிட்டு மடிப்புடவை கட்டினார் என்றால், தளிகை சமைத்துப் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணி முடியும் வரை, அதாவது காலை ஒன்பதரை மணி வரை, யாரும் அவரைத் தொடக்கூடாது. அவரும் எதையும் தொடமாட்டார். நான் தொட்டாலும் தப்பு. சென்னையிலிருந்து வரும் சொந்த மகன் சௌரிராஜன் தொட்டாலும் அதே தப்புதான். டிவி ரிமோட் மடிக்கு ஆகாது. மாமிக்குப் பிடித்த உபன்யாசம் வருவதோ காலை ஏழு மணிக்கு. அதனால் தீபாவளிக்கு மகன் ஒரு டிஷ் இணைப்பும், நிகழ்ச்சிகளைத் தானே பதிந்து வைக்கும் ரெக்கார்டர் பெட்டியும் வாங்கிக் கொடுத்தான். ஏழு மணி உபன்யாசம் பதிவாகும், மாமி சாப்பிட்ட பிறகு மத்தியானம் கேட்பார். அடுத்து ஏழரைக்கு வரும் பழைய மெகா சீரியலும் பதிவாகும். அதைப் பதினொரு மணிக்குப் போட்டால்தான் ரெங்கராஜ் இடது கையால் ரப்பர் பந்தை அமுக்குவார். மாமியார் மருமகளைத் திட்டினால் பத்து அமுக்கு, மருமகள் திருப்பித் திட்டினால் இருபது.

பெட்டியைப் பொருத்தியவர் நவ்ஷாத். பொருத்திய மறுநாளே கோளாறு ஆரம்பித்தது. மத்தியானம் மாமி உட்கார்ந்து பதிவைப் போட்டால், உபன்யாசகர் வாயைத் திறக்கும் முன்பே திரை கறுப்பாகி, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்து நின்றது. சீரியலும் அப்படியே.

நவ்ஷாத்தைக் கூப்பிட்டோம். வந்தார். செருப்பை வாசலில் ஜோடியாக வைத்தார். மாமி உள்ளேயிருந்து, "சித்த இருக்கச் சொல்லுங்கோ, மாடியில மடி ஒணத்தியிருக்கேன், எடுத்துண்டு வந்துடறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு மேலே போய்த் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நவ்ஷாத் ஏறிப் பார்த்தார். சிக்னல் முழுசாக இருந்தது. கேபிள் முனையைக் கழற்றி மாட்டிவிட்டு இறங்கினார். அன்றைக்கு முழுக்கப் படம் கண்ணாடி மாதிரி வந்தது. கைராசி என்றார் மாமி. நவ்ஷாத் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த நாள் காலைப் பதிவு மறுபடியும் கறுப்பு.

இரண்டாவது தடவை, டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை மாற்றினார். மூன்றாவது தடவை கேபிள் முழுவதையும் மாற்றினார். நாலாவது தடவை, காலையில்தானே போகிறது, காலையிலேயே வருகிறேன் என்று ஏழு மணிக்கே வந்து நின்றார். வழக்கம்போல மாமி அவரை வாசலில் நிறுத்திவிட்டு மேலே போய் மடித்துணியை எடுத்துக்கொண்டு வந்தார். நவ்ஷாத் ஏறினார். சிக்னல் முழுசாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இப்படிப் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க முனகுகிற நோயாளி, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து சௌக்கியம் விசாரிப்பார்.

ரெங்கராஜுக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. "பெருமாளுக்கே உபன்யாசம் அலுத்துப்போச்சு போலிருக்கு குமுதா" என்றார். மாமி அன்றைக்கு அவர் ரசத்தில் உப்பைக் குறைத்தார். ரத்த அழுத்தக்காரர், குறைத்தது நல்லதுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

சௌரிராஜன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவன். கெட்டிக்காரன். எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவன். அம்மா தினமும் போனில் புலம்பியதைக் கேட்டு அவன் ஒரு முடிவுக்கு வந்து, வீதிக்காரர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டான்: "நவ்ஷாத் என்ற மெக்கானிக் வந்தால் சிக்னல் வருகிறது. போனால் போய்விடுகிறது. நாலு தடவை ஆயிற்று. மற்றவர்கள் யோசித்துக்கொள்ளவும்."

அந்த வீதியில் நவ்ஷாத் பொருத்திய டிஷ் ஒன்பது வீட்டில் இருக்கிறது. மூன்று வீடு உடனே வேறு ஆளைக் கூப்பிட்டது. பக்கத்து வீட்டு ஹரிஹரசுதன், வங்கியில் மேனேஜராக இருந்தவர், வழியில் நவ்ஷாத்தைப் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுகிறவர், இப்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். யாரோ அந்தச் செய்தியை நவ்ஷாத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் அதை என்னிடம் காட்டினார்.

"திருடன்னு எழுதலை சிஸ்டர். ஆனா படிச்சா அப்படித்தான் இருக்கு."

"நீங்க எதுவும் செய்யலைன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன? கோளாறு என்னன்னு எனக்குத் தெரியலையே."

தெரியலை என்று அவர் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சௌரிராஜன் வருகிறான், டிஷ்ஷைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்டர்நெட் வழியாக டிவி வர ஏற்பாடு செய்யப்போகிறான் என்று மாமி சொல்லியிருந்தார். கழற்றிவிட்டால் கோளாறு எதனால் என்று கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியாது. நவ்ஷாத்தான் காரணம் என்பது அந்த வீதியில் அப்படியே நின்றுவிடும். கையில் இருந்தது பத்து நாள்.

எனக்கு நோயாளி விஷயத்தில் ஒரு பழக்கம். விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்றால், மருந்துக்கு முன்னால் சார்ட் போடுவேன். எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது. நவ்ஷாத்தும் அதையே கேட்டார். பெட்டியில் ஒரு பட்டனை அமுக்கினால் சிக்னல் எவ்வளவு என்று நூற்றுக்குக் கணக்கு காட்டும், அதை அரைமணிக்கு ஒருமுறை எழுதி வைக்க முடியுமா என்றார். ரெங்கராஜின் ரத்த அழுத்தம் எழுதும் நோட்டிலேயே இன்னொரு கோடு போட்டு எழுதினேன். ஐயா 140, பெட்டி 78. ஐயா 150, பெட்டி பூஜ்யம்.

எட்டாம் நாள் நோட்டைப் பார்த்து நவ்ஷாத் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தினமும் காலை ஆறேகால் வாக்கில் சிக்னல் போகிறது. ஒன்பது, ஒன்பதரைக்கு மெதுவாக ஏறி வந்துவிடுகிறது. நடுவில் கார்த்திகை மழை இரண்டு நாள் பிடித்துக்கொண்டது. மழை வந்தால் டிஷ் படுத்துவிடும் என்று உலகமே சொல்லும். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும், கொட்டின நேரம் பத்து நிமிஷம் தவிர, சிக்னல் அசையவில்லை. உபன்யாசமும் சீரியலும் ஒழுங்காகப் பதிவாயின.

"வெயில் அடிச்சாப் போகுது, மழை பெஞ்சா வருது" என்றார் நவ்ஷாத். "முப்பது வருஷத்துல இப்படி ஒரு டிஷ் நான் பார்த்ததில்லை."

காலை ஆறு மணிக்கு இந்த வீட்டில் என்னென்ன நடக்கும் என்று கேட்டார். நான் சொன்னேன். தண்ணீர் மோட்டார் ஓடும், பால் வரும், மாமி குளித்துவிட்டு வருவார், நான் ஐயாவுக்கு முதுகு துடைப்பேன். அவருக்கு மோட்டார்மேல் சந்தேகம் வந்தது. மறுநாள் மோட்டாரைப் போடாமல் இருந்தோம். சிக்னல் அப்படியும் போனது. வீட்டில் தண்ணீரும் இல்லாமல் போனது. அதற்கு நான்தான் பேச்சு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். நான் அவரிடம், வார்டில் ஒரு நோயாளி தினமும் டியூபைப் பிடுங்கிப் போடுவான், கேட்டால் நான் இல்லை என்பான், எதிர் வார்டில் விளக்கை அணைத்துவிட்டு நின்று பார்த்துத்தான் பிடித்தோம் என்று சொன்னேன். நீங்கள் வருவது தெரிந்தால் இந்த வீட்டில் ஏதோ ஒன்று மாறிவிடுகிறது. வராத மாதிரி வாருங்கள் என்றேன்.

ஹரிஹரசுதன் வீட்டு மொட்டைமாடியும் எங்கள் மாடியும் ஒரு கைப்பிடிச் சுவர் தள்ளி. அவரிடம் போய் நான்தான் கேட்டேன். தன் வீட்டு டிஷ்ஷையும் ஏதாவது செய்துவிட்டால் என்ன ஆவது என்று யோசித்தார். பொறுப்பு என்னுடையது என்றேன். என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

சனிக்கிழமை காலை, விடிந்தும் விடியாமலும், நவ்ஷாத் அந்த மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் கீழே டிவி முன்னால். இரண்டு பேருக்கும் நடுவில் போன். எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறு பத்துக்கு மாமி ஈரப்புடவை கிடந்த வாளியோடு மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எண் எழுபதானது. சொன்னேன். ஐம்பத்தைந்து. நாற்பது. பதினெட்டு. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பூஜ்யம்.

இன்னொரு தடவை பூஜ்யம் என்றேன். விழுந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"நவ்ஷாத், இருக்கீங்களா?"

"இருக்கேன் சிஸ்டர்." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சேலை."

நம் ஊரில் டிஷ் அடிவானத்தைப் பார்த்து நிற்பதில்லை. கிட்டத்தட்ட மல்லாந்து, தலைக்கு மேலே பார்க்கும். மடித்துணியோ யார் கையும் படாத உயரத்தில் உலரவேண்டும். மாமி நீளமான கொம்பால் தூக்கித்தான் கொடியில் போடுவார். கொடி போகிற இடம் டிஷ்ஷுக்கு நேர் மேலே. ஒன்பது கஜம் பருத்திப் புடவை, நாலு மடிப்பாக, சொட்டச் சொட்ட. வானத்திலிருந்து வருவதையெல்லாம் அந்தத் தண்ணீர் வாங்கிக்கொண்டது. காய்ந்துவிட்டால் துணி தடுப்பதில்லை. அதனால்தான் ஒன்பது மணிக்கு மேல் தானாகச் சரியானது. மழை நாளில் மாமி துணியைப் பெருமாள் அறையில் உலர்த்துவார். மாடிக்கு யாராவது வருகிறார்கள் என்றால், மடியில் கை பட்டுவிடப்போகிறது என்று முதலில் அதை எடுத்துவிடுவார். கோளாறைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கை மேலே விட்டிருக்கிறோம். நான் நோயாளித் துணியோடு இருப்பவள் என்பதால் அந்த மாடிப்படியே எனக்கு இல்லை. நானும் பார்த்ததில்லை.

போனில் நவ்ஷாத் இன்னொன்றும் சொன்னார். "அந்தக் கொடிக்குக் கொக்கி அடிச்சது நான்தான்."

பெட்டி பொருத்த வந்த அன்றைக்கு அவர் கையில் டிரில் இருந்ததைப் பார்த்துவிட்டு மாமி கேட்டிருக்கிறார். அதுவரை மடி கொல்லைப்புறத்தில்தான் உலர்ந்தது. நான் வந்தபிறகு கொல்லை முழுக்க ஐயாவின் படுக்கை விரிப்பும் துணியும் ஆகிவிட்டது, மடிக்கு இடமில்லை. நவ்ஷாத் நல்ல மனதோடு இரண்டு கொக்கி அடித்து, கயிறும் கட்டிக் கொடுத்தார். மாமி கயிற்றின்மேல் குழாயால் தண்ணீர் அடித்துச் சுத்தம் பண்ணிக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து அதில் துணி. மறுநாள் காலையிலிருந்து கோளாறு.

மாமி மடியிலிருந்து வெளியே வரும் வரை, ஒன்பதரை மணி வரை, இரண்டு பேரும் காத்திருந்தோம். ரெங்கராஜிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டோம். சிரித்ததில் புரையேறி, நான் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

மாமி நம்பவில்லை. "எங்கேயோ ஆகாசத்துலேர்ந்து இத்தனை தூரம் வரது, என் பொடவையைத் தாண்டி வராதா?" என்றார். நவ்ஷாத் ஐயாவின் விரிப்பு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, மாமியின் கொடியில் படாமல், ஏணியில் நின்று டிஷ்ஷுக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். கீழே பூஜ்யம். விலக்கினார். எழுபத்தெட்டு. மூன்று தடவை செய்தார். மூன்றாவது தடவை மாமி டிவியைப் பார்க்கவில்லை, ரெங்கராஜைப் பார்த்தார். அவர் கண்ணை மூடித் தூங்குவது போல இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"சௌரி கிட்ட இதைச் சொல்லவேண்டாம்" என்றார் மாமி. "காக்கா கூடு கட்டியிருந்ததுன்னு சொல்லிடலாம். உமக்கும் கௌரவம், நேக்கும் கௌரவம்."

நவ்ஷாத் நனைந்த விரிப்பைப் பிழிந்து என் கையில் கொடுத்தார். பார்த்துடலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சௌரிராஜன் வந்து இறங்கினான். பத்து மணிக்கு நவ்ஷாத் வந்தார். சௌரிராஜன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை, உட்காரும்படியும் சொல்லவில்லை. என்னதான் பிரச்சினை என்று போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். மாமி முந்திக்கொண்டு, ஏதோ காக்காக் கூடாம், எடுத்துட்டாராம் என்றார். ரெங்கராஜ் விட்டத்தைப் பார்த்தார். நான் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். பொய் என்று நான் சொல்லியிருக்கலாம். அது நவ்ஷாத்தின் பேர் சம்பந்தப்பட்டது, அவர் சொல்லட்டும் என்று விட்டேன்.

காக்காக் கூடு என்றால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம்.

"கூடெல்லாம் இல்லை சார்" என்றார் நவ்ஷாத். "நீங்க குரூப்புல எழுதினது பாதி சரி. கோளாறு என் கையாலதான் வந்தது. தெரிஞ்சு செய்யலை. டிஷ்ஷுக்கு மேல கொடி கட்டுறோமே, ஈரத்துணி போட்டா மறைக்குமேன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணலை. மாமி மேல தப்பில்லை, அவங்க துணி காயப்போட இடம் கேட்டாங்க, அவ்வளவுதான்."

சௌரிராஜன் போனைக் கீழே வைத்தான். அம்மாவைப் பார்த்தான். மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆமா, நான்தான். இப்ப என்ன?" என்றார். அவன் மறுபடி நவ்ஷாத்தைப் பார்த்தான். கணக்குப் போடுகிறவன், அதனால் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மன்னிச்சுக்குங்க" என்றான். "விசாரிக்காம எழுதிட்டேன்."

நவ்ஷாத் ஏணியை எடுத்தார். கொடியை நகர்த்த மாமி ஒப்பவில்லை. டிஷ்தான் நகர்ந்தது, படிக்கட்டு அறையின் தலைக்கு. ஏணியைக் கீழே நின்று பிடித்துக்கொண்டவன் சௌரிராஜன். முழங்கால் வலிக்கிறவருக்கு ஏணி ஆடாமல் இருக்கவேண்டும் என்று நான் சொன்னதால் இரண்டு கையாலும் பிடித்தான்.

அன்று மத்தியானமே வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். புடவை என்ற வார்த்தை வரக்கூடாது என்று மாமி பக்கத்திலேயே நின்றார். அதனால் அவன் எழுதியது இதுதான்: "நவ்ஷாத் மீது தவறில்லை. அவரைப் பற்றி நான் எழுதியது தவறு. காரணம் எங்கள் வீட்டில் இருந்தது. அதை அவரேதான் கண்டுபிடித்தார்." காரணம் என்ன என்று ஏழு பேர் கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஹரிஹரசுதன் நவ்ஷாத்தையே வழியில் நிறுத்திக் கேட்டார். "டெக்னிக்கல் சார்" என்றார் நவ்ஷாத். இப்போது மாமியே தன் வாயால் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தாயிற்று. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

விட்டுப்போன மூன்று வீட்டில் இரண்டு அந்த வாரமே அவரைத் திரும்பக் கூப்பிட்டன. மூன்றாவது வீடு வேறு ஆளோடேயே இருக்கிறது. இருக்கட்டும்.

நவ்ஷாத்திடம் ஒரு மாற்றம் தெரிகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை ஜோடியாக வைத்த பிறகு உடனே ஏணியைத் தொடுவதில்லை. வாசலிலேயே நின்று, "நான் வர்றேன்னு சொன்னதும் எதை எதை எடுத்து வச்சீங்க?" என்று கேட்கிறார். ஒன்றுமில்லையே என்கிறார்கள். எல்லா வீட்டிலும் அதே பதில்தான். அவர் அசையாமல் நிற்கிறார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து யாராவது ஒருவர், மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது, அதை மட்டும் எடுத்தோம் என்று ஆரம்பிக்கிறார்.